மீசைக்காரரின் ஒன்பது பானைகள்

ஜூன் 3, திங்கள்

வேலை தொடங்கியாயிற்று. தொல்லியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைவாளராக இருந்தபோது தினமும் குறிப்பு எழுதுவேன். ஓய்வுக்குப் பிறகு விட்டுப்போயிற்று. தென்காசியிலிருந்து பெரு நாட்டுக்கு வந்து மறுபடியும் பென்சில் பிடித்திருக்கிறேன், அதனால் நோட்டும் திறந்தாயிற்று.

ஊர் பாலைவனத்துக்குள் இருக்கிறது. மழை பெய்து வருடக்கணக்காகிறதாம். அருங்காட்சியகம் சின்னது. அதன் பொறுப்பாளர் நெலிதா, ஆறு வருடத்துக்கு முன் புனேயில் நடந்த பயிலரங்கில் என் தாழி வரைபடங்களைப் பார்த்துவிட்டு முகவரி வாங்கிப் போனவர். மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

ஒரே கல்லறையில் கிடைத்த ஒன்பது பானைகள். நாஸ்கா மக்கள் செய்தவை, ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழமை. பானையைச் சுற்றி ஓடும் ஓவியத்தை உரித்து விரித்தாற்போல் தாளில் நீளமாக வரைந்து தர வேண்டும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிக்குள் ஒன்பதும் முடிந்தால் புத்தகமாகும். புத்தகத்தில் என் பெயர் வரும். இத்தனை வருடம் வரைந்ததில் ஒன்றில்கூட என் பெயர் கிடையாது, "துறை வரைபடம்" என்றுதான் போடுவார்கள். எனக்கு இது வேண்டும். நோட்டில் சொல்வதற்கு என்ன வெட்கம்.

முதல் பானையில் ஒரு ஆசாமி குப்புறப் பறக்கிறார். வாயைச் சுற்றிப் பூனை மீசை மாதிரி விரிந்த ஒரு தகடு, நெற்றியில் இன்னொன்று. முதுகிலிருந்து நீளத் துணி ஒன்று பாம்பாக நெளிந்து ஓடுகிறது, அதன் ஓரமெல்லாம் முள், முள்ளுக்கு நடுவே சின்னச் சின்னத் தலைகள். ஒரு கையில் தடி. மறு கையில் வெட்டிய தலை, முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். ஆனால் முகத்தில் கோபமே இல்லை. கடைக்கு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி நம்மைப் பார்க்கிறார்.

அறிஞர்கள் அவருக்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் மீசைக்காரர் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 5, புதன்

மேசை ஆடுகிறது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். அப்படியும் ஆடுகிறது.

என் மனைவி உலகம்மாள் காப்பியைப் பாதி டம்ளர்தான் தருகிறாள். ஊரிலேயே தொடங்கிவிட்டது இந்தப் பழக்கம். கேட்டால், "குடிச்சிட்டுக் கேளுங்க, இன்னும் பாதி தாரேன்" என்கிறாள். இரண்டு தடவை சமையலறைக்கு நடப்பதில் அவளுக்கு என்ன சந்தோஷமோ.

ஜூன் 12, புதன்

இரண்டாம் பானை. சுறாவா திமிங்கிலமா என்று சொல்ல முடியாத ஒரு பெரிய மீன். அதன் வயிற்றுக்கடியிலிருந்து மனிதக் கை ஒன்று முளைத்திருக்கிறது. கையில் கத்தி. விரல்களில் நகம்கூட வரைந்திருக்கிறார்கள்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த உலகம்மாள் நெடுநேரம் பார்த்தாள். "பல்லு இவ்வளவு இருக்கு. இதுக்குக் கை என்னத்துக்கு?" என்று கேட்டாள். நெலிதாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தோன்யா உலகு, இருபது வருஷமா நானும் அதைத்தான் கேக்கறேன்" என்றார். இங்கே மரியாதைக்கு ஆண்களைத் 'தோன்' என்றும் பெண்களைத் 'தோன்யா' என்றும் அழைக்கிறார்கள். நான் தோன் சங்கர். முழுப்பெயர் சங்கரநயினார் அவர் வாயில் நுழையவில்லை.

இந்த உருவங்களை வரைந்தவர்கள் இவற்றை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். அவர்களுக்கு எழுத்து இல்லை. கோடு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதைத்தான் என்னிடம் தந்திருக்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

குளிர். மை சரியில்லை.

ஜூன் 27, வியாழன்

நான்காம் பானையின் மீசைக்கு மூன்று நாள். ஒரு தாள் வீணாயிற்று, கிழித்துப் போட்டேன். பேனா முனை சரியில்லை. இதற்கு முந்தியது நன்றாக இருந்தது.

உலகம்மாள் சந்தையில் எனக்கு இரண்டு கம்பளிச் சட்டை வாங்கி வந்தாள், தலைவழியாகப் போடுகிற மாதிரி. பொத்தான் வைத்தது இல்லையா என்றேன். "இருந்துச்சு, நிறம் நல்லா இல்ல" என்றாள். நிறம் பார்த்து வாங்குகிறவளா இவள். இருந்தாலும் காலையில் கிளம்ப நேரம் மிச்சமாகிறது.

இங்கே டபுள் பீன்ஸுக்கு நல்ல பேர். அதில் புளிக்குழம்பு வைத்தாள். நான்காம் பானையில் மீசைக்காரரின் துணியிலும் அதே பீன்ஸ்தான் முளைவிட்டுத் தொங்குகிறது. தலைவெட்டுகிறவர் கையில் விதையும் இருக்கிறது. சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "அப்ப நம்ம ஆளுதான்" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

ஜூலை 4, வியாழன்

இதை எழுதிவிடுவது நல்லது.

வேலை முறை இப்படி. பானையை மணல் பையில் உட்காரவைத்து, நூல் கட்டி இருபத்து நான்கு பட்டையாகப் பிரிப்பேன். ஒவ்வொரு பட்டையையும் காலிப்பரால் அளந்து கிராஃப் தாளில் பென்சிலால் எடுப்பேன். பிறகு ட்ரேசிங் தாளில் மை. ஐந்தாம் பானையைப் பென்சிலில் எடுத்ததும் தள்ளி நின்று பார்த்தேன். மீசைக்காரரின் விளிம்புக்கோடு முழுக்க மெல்லிய நெளிவு. தோள், முழங்கை, தூக்கிப் பிடித்த தலை, எல்லாம்.

தாளை அப்படியே கொடுக்க முடியாது. வளைகோடு இழுக்க வைக்கும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று பையில் கிடந்தது. அதை வைத்து மை போடும்போது கோட்டைச் சீர்செய்தேன். பானையில் கோடு சரியாகத்தான் இருந்திருக்கும். பானையின் மெருகு விளக்கொளியில் பளபளப்பதால் வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. லென்ஸ் பிடித்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

இந்த நோட்டில் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. வேறு நோட்டு வாங்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

ஏழு முடிந்தது. சட்டம் வைத்தால் வேலை ஓடுகிறது. ஏனோ திருப்தியில்லை.

ஊரில் என்னோடு வேலை பார்த்த கிறிஸ்டோபரின் ஞாபகம் வந்தது. தாமிரபரணிக் கரையில் எடுத்த தாழி ஒன்றின் கோணல் வாயை நேராக்கி வரைந்து வந்தார். "குயவன் கை கோணினா கோணினபடிதான் போடணும், நீங்க யாரு திருத்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

ஜூலை 22, திங்கள்

நெலிதா தன் அறைக்கு வரச்சொன்னார். ஐந்து, ஆறு, ஏழு என மூன்று பானைகளின் வரைபடங்களும் மேசையில் இருந்தன. பக்கத்தில் அதே பகுதிகளைப் பெரிதாக்கிய புகைப்படங்கள். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

"தோன் சங்கர், உங்க கோடு ரொம்ப அழகா இருக்கு. பானையில இருக்கறதை விட அழகா இருக்கு."

குனிந்து பார்த்தேன். புகைப்படத்தில் மீசைக்காரரின் தோள் நெளிந்திருந்தது. முழங்கை நெளிந்திருந்தது. நான் பென்சிலில் எடுத்தது சரி. சட்டம் வைத்துத் திருத்தியதுதான் தப்பு.

நெளிவு பானையில் இருந்தது. என் கை என்று நினைத்துவிட்டேன்.

கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று சொன்னேன். மூன்றையும் மறுபடி வரைந்து தருகிறேன் என்றேன். அவர் சரி என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 24, புதன்

நெலிதாவிடம் தாங்கியில் பொருத்திய பெரிய லென்ஸ் இருக்கிறது. கையில் பிடிக்க வேண்டாம். இரண்டு நாளாக ஒன்பது பானைகளையும் அதன் கீழ் வைத்துப் பார்த்தேன்.

உருவங்கள் எல்லாம் ஒரே கை. கண்ணின் கருவிழியை இமையோடு சேர்க்காமல் நூலிழை இடம் விடுவார். விரல் நகத்தை ஒரே இழுப்பில் முடிப்பார். ஒன்றிலும் இரண்டிலும் கோடு கம்பி மாதிரி ஓடுகிறது. மூன்றில் நீளக்கோடுகளின் கடைசியில் மட்டும் லேசான ஆட்டம். ஐந்துக்கு வரும்போது எங்கும் ஆட்டம். ஆறில் நீளக்கோட்டையே விட்டுவிட்டார், சின்னச் சின்னத் துண்டாக இழுத்துச் சேர்த்திருக்கிறார். நீளமாக இழுத்தால் ஆடும், துண்டாக இழுத்தால் அடங்கும். அது எனக்குத் தெரியும்.

இன்னொரு கையும் இருக்கிறது. முதல் பானையில் அந்தக் கை பானை வாயோரத்துச் சிறுகோட்டு வரிசையை மட்டும் வைத்திருக்கிறது. கோட்டை முடிக்கும்போது இடப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி விடும் பழக்கம் அதற்கு. ஆறாம் பானையில் அந்தக் கொக்கி முட்களுக்கு வந்திருக்கிறது. ஏழில் துணியின் மடிப்புக்கு.

நெலிதாவிடம் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். "பானைகளை நாமதான் இந்த வரிசையில வைக்கறோம். நோய்னு சொல்ல முடியாது. வயசா இருக்கலாம், தூரிகை தேய்ஞ்சிருக்கலாம், குளிரா இருக்கலாம்" என்றார்.

குளிர், தூரிகை, மேசை. இந்தக் காரணமெல்லாம் எனக்குப் பழக்கம்.

ஜூலை 28, ஞாயிறு

இந்த நாட்டுச் சுதந்திர தினம். சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்தார்கள், பேண்டு வாத்தியம். பப்பாளிச் சாறு வாங்கினோம். உலகம்மாள் கடைக்காரப் பெண்ணிடம் விரலைக் காட்டி எனக்கு மட்டும் உறிஞ்சுகுழல் கேட்டு வாங்கினாள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஐந்து, ஆறு, ஏழு மறுபடி. எட்டும் ஒன்பதும் பாக்கி. பதிமூன்று நாள்தான் இருக்கிறது.

ஒன்று புரிந்தது. நடுங்கிய கோட்டை உள்ளபடி வரைய நடுங்காத கை வேண்டும். அவர் நடுங்கிய இடத்தில் நடுங்கி, அவர் அடங்கிய இடத்தில் அடங்க வேண்டும். இன்று மூன்று தாள் போயிற்று. தாளில் இருப்பது அவருடைய நடுக்கமா என்னுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது. என்னாலும் முடியாது.

சட்டம் வைத்தாலும் பொய், வைக்காவிட்டாலும் பொய்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. அருங்காட்சியகத்தில் ஜன்னல்களுக்கு ஈரத்துணி வைத்துவிட்டு எல்லாரையும் மதியமே அனுப்பிவிட்டார்கள். போகுமுன் ஒன்பதாம் பானையை லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்திருந்தேன்.

பெரிய பானை. மீசைக்காரர் இதில் படுக்கவில்லை, நேராக நிற்கிறார். கால், இடுப்பு, மார்பு எல்லாம் துண்டுக்கோடு, எல்லாம் ஆட்டம். தோளைத் தாண்டியதும் கோடு மாறுகிறது. முகம், மீசைத் தகடு, மயிரிழைக் கோடுகள் பதினெட்டு, ஒன்றில்கூட ஆட்டமில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் இடப்பக்கம் கொக்கி. ஆனால் கண்ணின் கருவிழி மட்டும் பழைய ஆளுடையது. இமையில் ஒட்டாமல் நூலிழை இடம் விட்டு, நடுங்கிக்கொண்டே வைத்திருக்கிறார். முகத்தை எல்லாம் கொடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை.

வீட்டில் உலகம்மாள் பாதி டம்ளர் காப்பியைக் கொண்டுவந்தாள். இடக்கையால் வாங்கினேன். பிறகு வலக்கைக்கு மாற்றி அவள் முன்னால் நீட்டினேன். டம்ளர் ஆடியது. காப்பி சிந்தவில்லை, பாதிதான் இருந்தது.

"உலகு, என் கை நடுங்குது."

"தெரியும்லா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன தீவாளிக்கு முன்னாலேர்ந்து. பேங்க்ல கையெழுத்து சேரலன்னு திருப்பி அனுப்பிட்டான்னு வந்து அவன ஏசுனியளே, அன்னைக்கு."

இவள் அரசு மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடம் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தவள். அது தெரிந்தும் இவளிடம் மறைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லணும்னு இருந்தேன். நாள் பூரா அடுத்தவன் கையப் பிடிச்சுப் பாத்தவ நான். ஊசின்னா பயந்து கைய மறைக்கிறவங்கள இழுத்துப் பிடிச்சா நரம்பு உள்ள போயிரும். அவங்களா நீட்டுனாத்தான் கிடைக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை மாதம் என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று. கம்பளிச் சட்டை, உறிஞ்சுகுழல் எல்லாம் கணக்கில் வந்தன. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று எழுதிவிடுகிறேன். அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே அது கொஞ்ச நேரம் அடங்கியிருந்தது.

"டாக்டர்கிட்டப் போவோம். நேர்ல பாத்தா என்ன நோவுன்னு பேரு சொல்லுவாரு, மருந்து உண்டு. திருநெல்வேலில செப்டம்பர் நாலாந்தேதி நாள் வாங்கி வச்சிருக்கேன்."

"எப்ப வாங்குன?"

"கெளம்புறதுக்கு முன்னாலயே."

ஆகஸ்ட் 7, புதன்

நெலிதாவிடம் சொன்னேன். கண்ணாடி இல்லை, கை என்று. புத்தகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எடுத்த அளவுகள் எல்லாம் சரியானவை, அவற்றை நம்பலாம் என்றேன். இந்த வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் ஒன்பதாம் பானையைத் திருப்பி, மீசையின் கொக்கிகளை என் பக்கமாக வைத்தார்.

"இவர் வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

பிறகு ஜன்னலோரம் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த உலகம்மாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "என்னைய ஏன் பாக்குதிய ரெண்டு பேரும்?" என்றாள் அவள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புது முறை. காலிப்பரை நான் வைப்பேன். கோடு போகிற வழியை ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பென்சிலால் குத்துவேன். மணிக்கட்டை மேசையில் ஊன்றி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து குத்தினால் புள்ளி தவறுவதில்லை. உலகம்மாள் லென்ஸில் பானையைப் பார்த்துப் புள்ளிகளை மையால் சேர்க்கிறாள். முதல் இரண்டு தாள் கெட்டுப்போனது. மூன்றாவதில் பேனா அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

வாய்தான் ஓயவில்லை.

"இந்த எடத்துல நடுங்குது. அப்படியே போடவா?"

"அப்படியே போடு."

"பாவமா இருக்குங்க. கொஞ்சம் நேராக்கிருவோமா?"

"நேராக்கக் கூடாது."

"நீங்க மட்டும் நேராக்குனிய."

நெலிதா புகைப்படத்தோடு ஒத்துப் பார்த்தார். பெரிதாக்கிய படத்தில் ஒவ்வொரு நெளிவும் அதனதன் இடத்தில் இருந்தது. அடுத்த தாளை எடுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

எழுத்து பெரிதாக, உருண்டையாக இருக்கிறதே என்று பின்னால் படிக்கும்போது நான் திகைக்கக் கூடாது. இன்றைய குறிப்பை நான் சொல்ல உலகம்மாள் எழுதுகிறாள். நோட்டில் குறை ஒன்றுமில்லை, பழைய நோட்டேதான்.

ஒன்பதாம் பானை முடிந்தது. மீசைக் கொக்கிகள் பதினெட்டையும் இவள் ஒரே மூச்சில் போட்டாள். கருவிழியை மட்டும் நான் போட்டேன். யாரும் புள்ளி குத்தவில்லை, சட்டம் வைக்கவில்லை. லென்ஸைப் பார்த்துக்கொண்டே பேனாவை வைத்தேன். நடுங்கியது. அவருடையதும் நடுங்கித்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நெலிதா அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார், கீழே வைக்கவே இல்லை.

தாளின் மூலையில் வரைந்தவர் பெயர் போட வேண்டும். சங்கரநயினார், உலகம்மாள் என்று இரண்டும் போடச் சொன்னேன். இவள் வேண்டாம் என்றாள். அந்தப் பானைக்காரருக்கும் கொக்கிக்காரருக்கும் பேரே இல்லை, நமக்கு இருக்கிறது, போடு என்றேன். போட்டாள்.

செப்டம்பர் நாலாம் தேதிக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதச் சொன்னேன், எழுதிவிட்டாள்.

மாலையில் முழு டம்ளர் காப்பி கேட்டு வாங்கினேன். பாதி மேசையில் சிந்திற்று. இரண்டு பேருமாகத் துடைத்தோம்.

அவங்க துடைக்கல. நான்தான் துடைச்சேன். காப்பிய மட்டும் கடைசிவர அவங்களாவே குடிச்சாங்க. — உலகம்மாள்